கரடி உட்கார்ந்த நாள்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. அவளைவிட வயதில் மூத்த தோட்டக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ராட்டினத்துக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அவளுடையது. உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, கோமாளிகளின் கால்சட்டைகள் தொங்கும் ஒரு கம்பி, குட்டி ரயில் வளைந்து திரும்பும் இடத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். கிழிந்தது, பிரிந்தது, பட்டன் போனது எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் துணிக்கு ஆயுசு எவ்வளவு என்பது தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இது காலை வேலை. மதியத்துக்கு மேல் அவள் கரடி.

கரடி விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே கரடிதான். பழுப்பு ரோமம், பானை வயிறு, அண்டா அளவுக்குத் தலை. மூக்குக்குக் கீழே இருக்கும் வலைத்துணி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். அதில் எதிரே நிற்கிற ஆள் தெரியும், தன் கால் தெரியாது. அதனால் கரடியின் கையைப் பிடித்து நடத்திப் போகவே ஒரு பெண்மணி இருந்தார். அவருக்குக் கைப்பிடி அக்கா என்று பெயர். குழந்தைகள் கரடியின் காலைக் கட்டிக்கொள்ளும், வயிற்றில் குத்தும், காதைப் பிடித்துத் தொங்கும். உள்ளே வியர்வை ஆறாக ஓடும். ஆனாலும் அந்த வேலை தையலக்காவுக்கு உயிர்.

ஏன் என்று கேட்டால் காரணம் எளிது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்தால் உலகத்துக்கு நாக்கு நமநமவென்று அரிக்கும். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார், இவள் தையலைப் பிடித்துக்கொண்டாள், தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள், நிமிர்ந்து பார்த்தபோது வயது தாண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது போதாது. ஏன் ஆகலை, எதுவும் குறையா, யாரையாவது நினைச்சுட்டு இருக்கியா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கரடியை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கரடிக்கு வயது என்ன, கரடிக்கு ஏன் ஜோடி இல்லை என்றெல்லாம் எந்த மகராசியும் கவலைப்பட்டதில்லை.

பூங்காவில் இருந்த சட்டங்களிலேயே கடுமையானது கரடியைப் பற்றியதுதான். கரடி வாயைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது, கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். முன்பு ஒருமுறை படகு ஓட்டுகிற ஆள் ஒருவர், குழந்தைகள் சுற்றி நிற்கும்போதே, "என்னப்பா, உள்ள வேர்க்குதா?" என்று கரடியின் முதுகில் தட்டிவிட்டார். ஒரு சிறுமி அழுது, ஜுரம் வந்து, அவள் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். அன்றைக்கே மானேஜர் உத்தரவு போட்டார். யார் கரடி என்ற விஷயம் வெளியே போனால், போன அன்றே கரடிக்கு வேலை போகும். விஷயம் தெரிந்தது மானேஜருக்கும் கைப்பிடி அக்காவுக்கும் மட்டும்.

வீட்டில் அம்மாவுக்கும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும், ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பதும் ஒன்றுதான். மகள் பொழுது முழுக்கத் தையல் மெஷினை மிதிப்பதாக அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தையலக்கா ஒரு முழுக் கரடியையே மறைத்து வைத்திருந்தாள்.

இனி ரயில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டி ரயிலை ஓட்டுகிறவர், பழுதானால் அவரே கழற்றி மாட்டுகிறவர். ஒல்லியான ஆள், நாற்பதைத் தொட்டிருப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். அவருக்கும் தையலக்காவுக்கும் நடந்த பேச்சுவார்த்தையை மொத்தமாக இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

"பட்டன் போயிடுச்சு."

"வச்சுட்டுப் போங்க."

இப்படியே இரண்டு வருஷம். அந்த மனுஷரின் சட்டையில் மட்டும் பட்டன்கள் அப்படி உதிர்ந்தன. பறித்துக்கொண்டு வருகிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் இருந்தாலும், மற்றவர்கள் சட்டைக்கு இரண்டு முடிச்சுப் போடுகிறவள் அவர் சட்டைக்கு ஒரு முடிச்சோடு நிறுத்திக்கொள்வாள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மதிய வெயில் ஏறும்போது ரயிலைக் கொஞ்சநேரம் நிறுத்திவைப்பார்கள். கைப்பிடி அக்கா, கரடியை ரயில் நிற்கிற கொட்டகை நிழலில் தூணோரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். கரடி நின்றுகொண்டுதான் இருக்கும். உட்கார்ந்தால் வயிறு இடிக்கும், எழுப்ப ஆள் வேண்டும். பக்கத்துப் பெஞ்சில் ரயில்காரர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் அவர் கரடியோடு பேச ஆரம்பித்தார்.

முதலில் சக்கரம் கீச்சிடுவதைப் பற்றி. பிறகு, போன வருஷம் அம்மா போனதைப் பற்றி, வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லாமல் ரேடியோவைப் போட்டுவைப்பதைப் பற்றி. மனுஷருக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறதா என்று தையலக்காவுக்கு உள்ளே வாய் பிளந்தது. தனியாக இருக்கிற ஆள் பொம்மையிடம் பேசுகிறார், பேசட்டும் என்று நின்றாள். அப்புறம் ஒருநாள் பேச்சு திரும்பியது.

"தையல் ரூம்ல இருக்காங்களே, அவங்களை எல்லாரும் அக்காங்கிறாங்க," என்றார். "எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில வரமாட்டேங்குது."

அண்டாத் தலைக்குள் அவள் காது அடைத்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். ஊசியில் நூல் கோக்கும்போது அவள் ஒரு கண்ணை இடுக்குவாளாம். ஜன்னல் பக்கம் வரும்போதெல்லாம் ரயிலின் வேகத்தைக் குறைப்பாராம், குழந்தைகள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்களாம். ஊமை கண்ட கனவு மாதிரி அத்தனையையும் உள்ளேயே வைத்துக்கொண்டு அவள் நின்றாள். இந்தப் பிறவியில் இனி இல்லை என்று மூட்டை கட்டிவைத்த சந்தோஷம் அது. ரோமமும் பஞ்சும் வியர்வையுமாக நிற்கும்போது வந்து சேர்ந்தது.

சந்தோஷத்தோடு குற்ற உணர்ச்சியும் வந்தது. அந்த மனுஷர் தன்னந்தனியாக இருப்பதாக நினைத்து மனசைக் கொட்டுகிறார், யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவளே ஒளிந்திருந்து கேட்கிறாள். இதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? ஒருநாள், "அன்னைக்குப் பச்சைக் கலர்ல வந்தாங்க, ரெண்டு சுத்து எப்படி ஓட்டினேன்னே தெரியல," என்றார். மறுநாள் இவள் வெட்கமில்லாமல் பச்சையை உடுத்திக்கொண்டு போய் நின்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், பரீட்சைத் தாளைத் திருடிப் படித்துவிட்டு முதல் மார்க் வாங்கியவள் மாதிரி குறுகிப்போனாள்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் வேலை போகும். அதையாவது சமாளிக்கலாம், இரண்டு கையில் தொழில் இருக்கிறது. ஆனால் அவ்வளவு கூச்சமுள்ள மனுஷர், தன் மனசை அவளே நேரில் நின்று கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தால், அப்புறம் அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அதுதான் அவளைத் தடுத்தது. சில மாதங்கள் இப்படியே ஓடின. கடைசியில் ஒரு வியாழக்கிழமை மெஷினை மூடும்போது முடிவெடுத்தாள். நாளைக்குக் காலையில், கரடி உடுப்பைப் போடுவதற்கு முன்னால், அவர் பட்டனோடு வந்தாலும் வராவிட்டாலும், போய்ச் சொல்லிவிடுவது. போனால் போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு நல்ல காய்ச்சல். எழுந்து நின்றாள், சுவர் சுற்றியது, திரும்பவும் படுக்கையில் விழுந்தாள். தொண்டையில் குரல் இல்லை.

"படுடி பேசாம," என்றாள் அம்மா. "தையல்தானே? ஒருநாள் தைக்கலைன்னா உலகம் நின்னுடுமா? நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ போகாதம்மா. போன் பண்ணிக்கலாம்."

"குரலே இல்லாம என்னத்தைப் போன் பண்ணுவே? அந்தக் கோமாளி கால்சட்டையை வேற வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருக்கே. அதையும் குடுத்துட்டு வந்துடறேன்."

போய்விட்டாள். ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டியவள் மதியமாகியும் வரவில்லை. மாத்திரையும் தூக்கமுமாகப் பொழுது போனது. சாயங்காலம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா வந்தாள், செருப்பைக் கழற்றினாள், ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்தாள், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாயே திறக்கவில்லை. அம்மா பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தையலக்காவுக்குக் காய்ச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

"என்னம்மா?"

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, நீ கரடியா?"

மகள் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"மூடாதே. எல்லாம் தெரிஞ்சுபோச்சு. உங்க கைப்பிடிக்காரி என்னைப் பார்த்தா. மேல பார்த்தா, கீழ பார்த்தா. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்துடுச்சுன்னு என் கையைப் புடிச்சா. என்னமோ மரியாதை பண்றான்னு நினைச்சேன். உள்ள கூட்டிட்டுப் போய்த் தலையை எடுத்து என் தலையில கவுத்துட்டா."

"ஐயோ! நீ எதுக்கும்மா ஒத்துக்கிட்டே?"

"ஏதோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாளாம். கரடி வரும்னு சொல்லி வச்சிருக்காங்களாம். அந்த உடுப்பு வேற யாருக்கும் பத்தாதாம், என் உயரமும் உன் உயரமும் ஒண்ணாம். கரடி இல்லைன்னா மானேஜர் உன் சீட்டைக் கிழிச்சுடுவாராம். என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"பேசலியே?"

"பேசக் கூடாதுன்னா பேசுவேனா? பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். கல்யாணமான நாள்லேருந்து இவ்வளவு நேரம் நான் வாயை மூடினதே இல்ல. உங்கப்பா இருந்திருந்தா பார்த்து மனசு குளிர்ந்திருப்பார்." அம்மா இன்னொரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். "பிள்ளைங்க நல்லாத்தான் இருந்தாங்க. ஒண்ணு வந்து என் வயித்தைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது. அதெல்லாம் எனக்குப் பிடிச்சுது, பொய் சொல்லக் கூடாது. முழங்கால்தான் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. அந்தப் பொம்மை ரயில் நிக்கிற இடத்துல ஒரு பெஞ்சு கிடந்துச்சு. அப்பாடான்னு உட்கார்ந்துட்டேன்."

தையலக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "உட்கார்ந்தியா? கரடி உட்காராதே!"

"எனக்கு யார் சொன்னா? பக்கத்துல ஒருத்தர் இருந்தார். ஒல்லியா, நீலச் சட்டை போட்டுக்கிட்டு. நான் உட்கார்ந்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாவம், கரடின்னா பயம் போலன்னு நினைச்சேன்."

"அம்மா... அவர் ஏதாவது பேசினாரா?"

"பேசினாரான்னா கேக்கறே? இத்தனை நாளா நின்னுக்கிட்டே கேட்டீங்க, இன்னைக்குத்தான் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கீங்க, இனிமே நான் மறைக்கக் கூடாது, உள்ள இருக்கறது நீங்கதான்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நானே இன்னைக்குத்தான் உள்ள போனேன். இவருக்கு எப்படி ரொம்ப நாளாத் தெரியும்?"

மகளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"எப்படித் தெரியுமாம்?"

"ஏதோ ஒரு பாப்பா சட்டையில ஓரம் பிரிஞ்சிருந்துச்சாம். கரடி குனிஞ்சு, ரெண்டு விரலால மடிச்சு மடிச்சுப் பார்த்துச்சாம். எந்தக் கரடிங்க தையல் பார்க்கும்னு கேட்டார். எனக்கு அப்பதான் உறைச்சுது, இவர் நம்ம வீட்டு ஆளைப் பத்திப் பேசறார்னு. அப்புறம் சொன்னார். எனக்கு வாய் சாமர்த்தியம் கிடையாது, உங்க முகத்தைப் பார்த்தா ஒரு வார்த்தை வராது, அதனால கரடிகிட்டச் சொல்ற மாதிரி உங்ககிட்டத்தான் சொல்லிட்டு இருந்தேன், என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டுட்டார்."

"நீ என்ன பண்ணே?"

"என்ன பண்றது? என் குரலைக் கேட்டா அந்த மனுஷனுக்கு நெஞ்சு வெடிச்சுடும். வயசுல சின்னவர், நல்லபடியாப் பேசறார். கையைத் தூக்கி அவர் தலையில வச்சு, நல்லா இருப்பான்னு மனசுக்குள்ளயே ஆசீர்வாதம் பண்ணேன்."

"தலையிலயா வச்சே?"

"ஆமா. அவர் அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டார் போல. ஒரே ஓட்டமா ஓடிப் போய் விசிலடிச்சார். ஒரு பிள்ளைகூட ஏறல, ரயில் பாட்டுக்குக் கிளம்பிடுச்சு."

அம்மா சொல்லி முடித்துவிட்டு, அடக்கிவைத்திருந்த பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்த்தாள். ஆள் எப்படி, குடும்பம் எப்படி, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, கரடி உடுப்பைத் துவைக்கிற வழக்கமே உங்களுக்கு இல்லையா என்று கேள்விமேல் கேள்வி. தையலக்கா எதையும் காதில் வாங்கவில்லை. முதலில் நெஞ்சு நிறைய ஒரு சந்தோஷம் பொங்கியது. அது அடங்குவதற்குள் கோபம் வந்தது. தெரிந்துகொண்டேவா பேசினார்? அப்படியானால் அந்தப் பச்சை? அவர் சொன்ன மறுநாளே உடுத்திக்கொண்டு போய் நின்றாளே, அது எதற்காக என்றும் அவருக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்.

கோபத்துக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது. அந்த மனுஷர் பழகியது யாரோடு? வாயில்லாத ஒன்றோடு. மறுத்துப் பேசாது, குறுக்கே கேட்காது, சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கும். அதைத்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. வாயுள்ள, கோபமுள்ள, முப்பத்தெட்டு வயதுத் தையல்காரியோடு ஒரு வாரம் குடும்பம் நடத்தினால் தெரியும் சேதி. கிடைத்ததாக நினைத்தது தனக்குக் கிடைத்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது.

ரயில்காரர் பூங்காவுக்குப் போயிருக்கிறார். தையல் அறை பூட்டிக் கிடந்திருக்கிறது. தோட்டக்காரரைக் கேட்டதற்கு, அக்காவுக்கு நேற்றிலிருந்தே காய்ச்சல், வேலைக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். நேற்றிலிருந்தே என்றால், நேற்று கரடிக்குள் இருந்தது யார்? மனுஷருக்குத் தலை சுற்றிவிட்டது. காவலாளியிடம் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

அம்மா கதவைத் திறந்தாள்.

"வாங்க, வாங்க. நேத்துத்தானே பார்த்தோம்."

"நேத்தா?" என்றார் அவர். "நான் உங்களை..."

"தலையில கை வச்சேனே. முழங்கால் வலி, அதான் அப்படி உட்கார்ந்துட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு திரும்பிப் படியிறங்கினார். உள்ளறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தையலக்காவுக்கு, இப்போது விட்டால் இந்த ஆள் இந்தத் தெருவையே மறந்துவிடுவார் என்று புரிந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலைகூட வாராமல், வாசலுக்கு வந்தாள்.

"நில்லுங்க."

நின்றார்.

"தெரிஞ்சேதான் பேசினீங்களா?"

"தெரிஞ்சேதான்," என்றார் படியைப் பார்த்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியாம உங்க பேச்சைக் கேக்கறோமேன்னு நான் தினமும் செத்துப் பிழைச்சேன். திருடி மாதிரி குன்றிப்போய் நின்னேன். நீங்க என்னடான்னா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்த்திருக்கீங்க."

"நீங்களும் சொல்லலியே."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்."

"எனக்கு நீங்க போயிடுவீங்க."

"சரியாத்தானே சொல்றார்," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"அம்மா, நீ உள்ள போ."

அம்மா உள்ளே போனாள். எவ்வளவு உள்ளே என்றால், கதவுக்குப் பின்னால் வரைக்கும்.

"உங்களுக்குப் பிடிச்சது என்னை இல்ல," என்றாள் தையலக்கா. தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் விடவில்லை. "எதைச் சொன்னாலும் கேட்டுட்டு நிக்கற ஒண்ணை. நான் அப்படி இல்ல. நான் எங்கம்மா பெத்த பொண்ணு. எனக்கு வாய் இருக்கு. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதான் சொல்லுவேன். கரடியை நினைச்சுக்கிட்டு என்னைக் கேக்காதீங்க."

கையில் எண்ணெய்த் துணி இல்லாததால் கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது மூஞ்சியில சிரிப்பைத் தைச்சு வச்சிருக்கு," என்றார் கடைசியில்.

"அதைத் தைச்சதே நான்தான்."

"எங்கம்மா போனதைச் சொன்னேன், அது சிரிச்சுது. தனியா இருக்கேன்னு சொன்னேன், அதுக்கும் சிரிச்சுது. சொல்லிட்டு வீட்டுக்குப் போனா ஒரே யோசனை. உள்ள நீங்க அழுதீங்களா, சிரிச்சீங்களா, இந்த ஆளுக்கு வேற வேலை இல்லையான்னு கொட்டாவி விட்டீங்களா, எதுவும் தெரியாது. அது வாயில்லாததுன்னு பிடிச்சுப்போய் நான் பேசலைங்க. வேற வழி தெரியாமப் பேசினேன்." நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் அதுகிட்டச் சொல்லல. சிரிக்கிற மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல முடியல."

"என்கிட்டச் சொல்லுங்க."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, உடனே வாங்கன்னு போன் வந்துச்சு. ரயில் முழுக்கப் பிள்ளைங்க. அந்தச் சுத்தை முடிச்சுட்டுப் போகலாம்னு முடிச்சேன். நிறுத்தினதும் அடுத்த கூட்டம் ஏறிடுச்சு. இறங்குங்கன்னு சொல்ல வாய் வரல. அந்தச் சுத்தையும் ஓட்டினேன். போய்ப் பார்த்தா, படுக்கை விரிப்பையே மாத்திட்டாங்க." அவர் குரல் தேய்ந்தது. "போன் வரும்போதே போயிட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். சொந்தக்காரங்களுக்குக்கூட அப்படித்தான் தெரியும்."

தையலக்காவின் முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்கே தெரியாது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது, தாடை நடுங்கியது. துடைக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பார்வையை எடுக்கவில்லை.

உங்க மேல தப்பில்ல என்று சொல்வது சுலபம். நாக்கு நுனியில் வந்து நின்றது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"முதல் சுத்துக்கு நீங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றாள். "பிள்ளைங்களை நடுவழியில இறக்கிவிட முடியாது. ஆனா ரெண்டாவது சுத்து போயிருக்க வேண்டாம்."

கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"ஆமா," என்றார் அவர். "போயிருக்க வேண்டாம்." சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதார். ஒரு வருஷமாக யாரிடமிருந்தும் கேட்காத ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்ட ஆள் அழுகிற அழுகை அது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். தையலக்கா போர்வையோடு இறங்கிவந்து, பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள்.

"இதை யாராவது சொல்லமாட்டாங்களான்னு இருந்தேன்," என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க சொல்லிட்டீங்க."

"இன்னும் நிறையச் சொல்லுவேன். பழகிக்கணும்."

அவர் தலையாட்டினார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"நேத்துக் கேட்டீங்களாமே," என்றாள் அவள். "அது எங்கம்மாகிட்டக் கேட்டது. கணக்கில வராது. இப்பக் கேளுங்க."

கேட்டார். கரடியிடம் பேசிய அழகெல்லாம் அதில் இல்லை. பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது, மீதியும் முன்னுக்குப்பின் முரணாக வந்தது. பார்வை மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"கட்டிக்கிறேன்," என்றாள் தையலக்கா, கட்டிய தொண்டையோடு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.